வீசிங் உள்ள பெரியவர்கள் மருந்தை விடாமல் எடுக்க மருந்தாளுநர் செய்யக்கூடியவை: கவுன்ட்டரிலிருந்து ஒரு முழுமையான வழிகாட்டி

சென்னையின் எந்தத் தெருவிலும் மாலை ஏழு மணிக்கு மேல் ஒரு மெடிக்கல் ஷாப்பின் வாசலில் சிறிது நேரம் நின்றால், "அண்ணா, ஒரு ஆஸ்தாலின் பம்பு குடுங்க" என்று பணத்தை நீட்டி, இளைப்பை உடனே தணிக்கும் அந்தச் சால்பூட்டமால் இன்ஹேலரை அரை நிமிடத்தில் வாங்கிக்கொண்டு போகும் ஒருவரையாவது பார்க்கலாம். கூட்டம் அதிகம் உள்ள நேரமாதலால் யாரும் அவரிடம் எதுவும் கேட்பதில்லை, அவரும் எதுவும் சொல்வதில்லை. மருத்துவர் அவரை ஆறு மாதத்துக்கு ஒருமுறை பார்த்தால் அதிகம்; கடைக்காரரோ மாதந்தோறும் பார்க்கிறார். அவர் எந்த மருந்தை வாங்குகிறார், எழுதிக் கொடுத்தும் எதை வாங்காமல் விடுகிறார் என்பது கவுன்ட்டருக்கு மட்டுமே தெரிந்த செய்தி. ஆஸ்துமா உள்ள பெரியவருக்கு மருந்தாளுநர் செய்யக்கூடிய உதவி இந்தச் செய்தியைக் கவனிப்பதிலிருந்து தொடங்குகிறது. இந்திய மருந்தியல் கவுன்சிலின் 2015ஆம் ஆண்டு மருந்தியல் நடைமுறை விதிமுறைகளும் நோயாளிக்கு ஆலோசனை சொல்வதைப் பதிவு பெற்ற மருந்தாளுநரின் பணியாகவே வைத்திருக்கின்றன.

அடிப்படையை ஒருமுறை நினைவுபடுத்திக்கொள்வோம். ஆஸ்துமாவில் மூச்சுக்குழாயின் உட்சுவர் நாள்பட்ட அழற்சியால் வீங்கியிருக்கிறது. அதைச் சுற்றியுள்ள தசை அவ்வப்போது இறுகுகிறது. சால்பூட்டமால், லெவோசால்பூட்டமால் போன்ற நிவாரண மருந்துகள் இறுகிய தசையைச் சில நிமிடங்களில் தளர்த்துகின்றன. வீக்கத்தை அவை தொடுவதில்லை. வீக்கத்தைக் குறைப்பது புடசோனைடு, ஃப்ளூட்டிகசோன், பெக்ளோமெத்தசோன் போன்ற, மூச்சின் வழி எடுக்கும் ஸ்டீராய்டுகள்; இவற்றையே தடுப்பு மருந்து என்கிறோம். இவற்றின் பலன் நாள் கணக்கிலும் வாரக் கணக்கிலும் தெரிவதால், எடுத்த கையோடு எதுவும் நடந்ததாகத் தோன்றாது. அதனால் நோயாளி எதை "நல்ல மருந்து" என்று நம்புவார் என்பதைச் சொல்லத் தேவையில்லை. ஆஸ்துமாவுக்கான உலக அளவிலான வழிகாட்டுதலை வெளியிடும் ஜினா அமைப்பு, பெரியவர்களுக்கு நிவாரண மருந்தை மட்டும் தனியாகக் கொடுத்து நிறுத்திவிடும் முறையை 2019இலேயே கைவிடச் சொல்லிவிட்டது. நம் கடைகளில் அது இன்னும் நடந்துகொண்டுதான் இருக்கிறது.

முதல் படி: வாங்கிய கணக்கைப் பாருங்கள்

வந்தவர் பேசும்போதே அவருடைய மூச்சைக் கவனியுங்கள். ஒரு வாக்கியத்தை முழுதாகச் சொல்ல முடியாமல் இரண்டு மூன்று சொற்களுக்கு ஒருமுறை நிறுத்துபவர், உதடோ நகமோ நீலம் பாய்ந்தவர், வியர்த்து, தோளை உயர்த்தி மூச்சு இழுப்பவர், குழப்பமாகவோ தூக்கக் கலக்கமாகவோ பேசுபவர் ஆகியோருக்கு ஆலோசனை சொல்லும் நேரம் அது அல்ல. நாற்காலியில் நிமிர்த்தி உட்கார வையுங்கள், 108ஐ அழையுங்கள், வண்டி வரும்வரை ஸ்பேசர் (இன்ஹேலருக்கும் வாய்க்கும் இடையே பொருத்தும் குழாய்) மூலம் சால்பூட்டமாலை ஒவ்வொரு பஃப்பாக (ஒருமுறை அழுத்தினால் வரும் மருந்து) 4 முதல் 10 வரை கொடுங்கள். சற்று முன்பு வரை கேட்ட விசில் சத்தம் திடீரென நின்றும் அவர் தெளியவில்லை என்றால், அதை முன்னேற்றமாக எண்ணிவிட வேண்டாம். காற்றே உள்ளே போகாத நிலையாக அது இருக்கலாம்.

மற்றவர்களுக்குக் கணினியில் உள்ள பில் விவரமே போதும். சால்பூட்டமால் கேனிஸ்டர் (இன்ஹேலருக்குள் இருக்கும் மருந்துக் குப்பி) ஒன்றில் 200 பஃப்கள் உள்ளன. மாதம் ஒன்று வாங்குபவர் நாளொன்றுக்கு ஆறு ஏழு முறை அடிக்கிறார் என்று பொருள். ஆண்டுக்கு 3 அல்லது அதற்கு மேல் வாங்குபவருக்குக் கடுமையான தாக்குதல் வரும் வாய்ப்பு கூடுகிறது என்றும், 12 அல்லது அதற்கு மேல் போனால் இறப்புக்கான வாய்ப்பே கூடுகிறது என்றும் ஜினா எச்சரிக்கிறது. வீட்டில் வேறு யாரும் அதே பம்பைப் பயன்படுத்துகிறார்களா என்பதையும் கேட்டுவிடுங்கள். தாயும் மகனும் ஒரே இன்ஹேலரைப் பகிர்ந்துகொள்ளும் வீடுகள் உண்டு.

தடுப்பு மருந்தின் கணக்கு இதற்கு நேர்மாறானது. 120 பஃப் உள்ள இன்ஹேலரைக் காலை இரண்டு, இரவு இரண்டு என்று எழுதியிருந்தால் அது சரியாக 30 நாள் வரும். ஜனவரி 3ஆம் தேதி தொடங்கியவர் பிப்ரவரி 2ஆம் தேதி அடுத்ததைத் திறக்க வேண்டும். ஏப்ரல் முதல் வாரம்தான் வருகிறார் என்றால், எழுதியதில் மூன்றில் ஒரு பங்கைத்தான் எடுத்திருக்கிறார். "ஒழுங்கா எடுக்கிறீங்களா?" என்று கேட்டால் எல்லோருமே ஆமாம் என்பார்கள், தேதி அப்படிச் சொல்லாது.

இரண்டாம் படி: நான்கு கேள்விகள்

கடந்த நான்கு வாரங்களை மட்டும் நினைவில் வைத்துப் பதில் சொல்லச் சொல்லுங்கள். பகலில் இளைப்போ இருமலோ வாரத்தில் இரண்டு முறைக்கு மேல் வந்ததா? இரவில் அதனால் எழுந்தீர்களா? நிவாரணப் பம்பை வாரத்தில் இரண்டு முறைக்கு மேல் எடுத்தீர்களா? படியேறுவது, தண்ணீர்க் குடம் தூக்குவது போன்ற வழக்கமான வேலை எதையாவது மூச்சுக்காகக் குறைத்துக்கொண்டீர்களா? ஒன்றுக்கும் ஆமாம் இல்லையென்றால் நோய் கட்டுக்குள் இருக்கிறது. ஒன்று இரண்டு என்றால் அரைகுறை. மூன்று நான்கு என்றால் கட்டுக்குள் இல்லை. கடைசிக் கேள்வியைச் சற்று விரித்துக் கேட்க வேண்டும். பல ஆண்டுகளாக மெதுவாக நடந்து பழகியவர், "எனக்கு ஒண்ணும் இல்லை சார், நல்லாத்தான் இருக்கேன்" என்பார். மின்சார ரயில் நிலையத்தின் மேம்பாலப் படிகளை ஒரே மூச்சில் ஏற முடிகிறதா என்று கேட்டால் விஷயம் வெளியே வரும்.

மூன்றாம் படி: ஏன் எடுப்பதில்லை என்பதை அவர் வாயாலேயே கேளுங்கள்

இந்தப் படியில்தான் அதிக நேரம் செலவிட வேண்டும். கவுன்ட்டரில் நாம் மிகக் குறைவாக நேரம் கொடுப்பதும் இதற்குத்தான். மருந்தை விடுவதற்குப் பின்னால் பெரும்பாலும் மறதியைவிட ஒரு காரணம், அதுவும் அவரளவில் நியாயமான காரணம், இருக்கும்.

"பம்பு அடிச்சுப் பழகிட்டா அப்புறம் விடவே முடியாதாம்" என்பது நான் அதிகம் கேட்டது. இதை மறுத்துப் பேசுவதைவிட, எது எதற்கு என்று காட்டுவது பயன் தரும். தடுப்பு மருந்து போதைப் பழக்கத்தை ஏற்படுத்துவதில்லை. அதை நிறுத்தும்போது திரும்ப வருவது நோய். சர்க்கரை மாத்திரையை நிறுத்தினால் சர்க்கரை ஏறுவதைப் போல. பெரும்பாலான வீடுகளில் யாரேனும் ஒருவருக்குச் சர்க்கரை இருப்பதால் இந்த ஒப்புமை உடனே பிடிபடுகிறது.

"ஸ்டீராய்டு" என்ற சொல்லுக்கு அஞ்சுபவர்களிடம் அளவைப் பற்றிப் பேசுங்கள். மூச்சில் எடுக்கும் புடசோனைடு மைக்ரோகிராம் கணக்கில் உள்ளது. இளைப்பு முற்றிய பின் கொடுக்கப்படும் பிரெட்னிசோலோன் மாத்திரை மில்லிகிராம் கணக்கில் உள்ளது. ஒரு மில்லிகிராம் என்பது ஆயிரம் மைக்ரோகிராம். மருந்துகள் வேறு வேறு என்பதால் இவற்றை எண்ணுக்கு எண் ஒப்பிடுவது முறையன்று என்றாலும், சிறிய அளவை நேரே நுரையீரலுக்கு அனுப்புவதன் நோக்கமே பெரிய அளவை உடல் முழுவதும் அனுப்ப நேராமல் பார்த்துக்கொள்வதுதான் என்பது அவருக்குப் புரிந்துவிடும். வாய்ப்புண், குரல் கம்மல் ஆகிய பக்கவிளைவுகளை மறைக்காமல் சொல்லி, ஒவ்வொரு முறையும் எடுத்தபின் வாயைக் கொப்பளித்துத் துப்பினால் அவை குறையும் என்றும் சொல்லுங்கள்.

மூன்றாவது, பணம். இதைக் கேட்கக் கூச்சப்பட வேண்டாம். அவர் தாமாகச் சொல்ல மாட்டார். புடசோனைடும், புடசோனைடு–ஃபார்மோடெரால் கலவையும், சால்பூட்டமாலும் தேசிய அத்தியாவசிய மருந்துகள் பட்டியலில் உள்ளவை; பட்டியலில் உள்ள வடிவங்களுக்கு அரசு உச்ச விலை நிர்ணயிக்கிறது. விலை தடையாக இருந்தால், பஃப் வடிவத்துக்குப் பதிலாக, மிஷினில் போட்டுத் தூளாக இழுக்கும் கேப்ஸ்யூல் வடிவத்தை எழுத முடியுமா என்று மருத்துவரிடம் கேட்கச் சொல்லலாம். முதல்வர் மருந்தகத்திலோ மக்கள் மருந்தகத்திலோ அதே மருந்து குறைந்த விலையில் கிடைக்கிறதா என்று பார்க்கச் சொல்லலாம். அரசு மருத்துவமனையின் புறநோயாளிப் பிரிவுக்கு வழிகாட்டலாம். நம் கடை வியாபாரம் ஒன்று போகும் என்பது உண்மைதான். அவர் மருந்தே எடுக்காமல் இருந்தாலும் அந்த வியாபாரம் நமக்கு இல்லை.

கர்ப்பிணிகளைத் தனியாகக் குறிப்பிட வேண்டும். குழந்தைக்கு ஆகாது என்று மாமியாரோ பக்கத்து வீட்டாரோ சொல்லி இன்ஹேலரை நிறுத்தியவர்கள் பலர். கட்டுக்கடங்காத ஆஸ்துமாதான் தாய்க்கும் சிசுவுக்கும் ஆபத்து. மருந்தைத் தாமாக நிறுத்தாமல் மகப்பேறு மருத்துவரிடம் உடனே பேசச் சொல்லுங்கள்.

நான்காம் படி: சொல்லிக் கொடுக்காதீர்கள், செய்யச் சொல்லிப் பாருங்கள்

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் கடைக்கு வந்துகொண்டிருந்த தையல்கார அம்மா ஒருவர், எட்டு மாதமாக மருந்தை ஒரு நாளும் விடவில்லை என்றார். வாங்கிய கணக்கும் அப்படியே சொன்னது. இரவு இளைப்பு மட்டும் குறையவில்லை. "எப்படிம்மா எடுக்கறீங்க, செஞ்சு காட்டுங்க" என்றேன். பையிலிருந்து கேப்ஸ்யூல் புட்டியை எடுத்தார், ஒன்றை உள்ளங்கையில் போட்டுக்கொண்டு, "தண்ணி இருக்குமா தம்பி?" என்று கேட்டார். உறிஞ்சி எடுக்க வேண்டிய தூளை எட்டு மாதமாக விழுங்கிக்கொண்டிருந்திருக்கிறார். அவர் மீது பிழையில்லை. மாத்திரைகளுக்கு எழுதுவதைப் போலவே அந்தப் புட்டியின் மேலும் எங்கள் கடைக் கையெழுத்தில் "1-0-1" என்று மட்டும் எழுதியிருந்தது. அன்று முதல் எங்கள் கடையில் கேப்ஸ்யூல் புட்டியில் "விழுங்கக் கூடாது, மிஷினில் போட்டு இழுக்க வேண்டும்" என்று தமிழில் எழுதாமல் கொடுப்பதில்லை.

பஃப் வகை இன்ஹேலருக்கு நீங்கள் பார்க்க வேண்டிய வரிசை இது. மூடியைக் கழற்றி, நன்றாகக் குலுக்க வேண்டும். புதிதாக இருந்தாலோ பல நாள் எடுக்காமல் வைத்திருந்தாலோ, உறையில் உள்ள தாளில் சொல்லியிருக்கும் எண்ணிக்கைப்படி காற்றில் அடித்துவிட வேண்டும். பிறகு மூச்சை முழுதாக வெளியே விட்டு, வாய்ப்பகுதியை உதடுகளால் இறுக மூடி, மெதுவாக மூச்சை இழுக்கத் தொடங்கும் அதே கணத்தில் கேனிஸ்டரை ஒருமுறை அழுத்த வேண்டும். இழுப்பது நான்கைந்து விநாடி மெதுவாகத் தொடர வேண்டும். பின் பத்து வரை எண்ணி மூச்சை அடக்க வேண்டும். அடுத்த பஃப்புக்கு அரை நிமிடமாவது இடைவெளி விட்டு, மீண்டும் குலுக்கி, முதலிலிருந்து செய்ய வேண்டும். செய்து காட்டும்போது வாயோரத்திலோ மூக்கிலோ வெண்புகை தெரிந்தால் மருந்து உள்ளே போகவில்லை. அழுத்துவதும் இழுப்பதும் ஒன்றுசேராதவர்கள் அநேகர். அவர்களுக்கு ஸ்பேசர் பரிந்துரைப்பது நாம் செய்யும் மிக எளிய, மிகப் பயனுள்ள காரியம் என்பது என் கருத்து. ஸ்பேசரைச் சோப்புத் தண்ணீரில் அலசித் துடைக்காமல் உலர விட வேண்டும். துணியால் துடைத்தால் உட்சுவரில் ஏறும் நிலைமின்சாரம் மருந்தை ஒட்டவைத்துக்கொள்ளும்.

தூள் வகைக்கு இழுக்கும் முறை நேரெதிர்: இளநீரின் கடைசிச் சொட்டை ஸ்ட்ராவால் இழுப்பதைப் போல, தொடக்கத்திலிருந்தே வேகமாகவும் ஆழமாகவும் இழுக்க வேண்டும். இழுப்பதற்கு முன் மூச்சை வெளியே விடும்போது மிஷினுக்குள் ஊதிவிடக் கூடாது. ஈரம் பட்ட தூள் கட்டியாகிவிடும். எடுத்தபின் கேப்ஸ்யூலில் தூள் மிச்சமிருந்தால் இன்னொரு முறை இழுக்கச் சொல்லுங்கள். நம் பக்கத்துத் தவறு ஒன்றும் இதில் இருக்கிறது: பத்துக் கேப்ஸ்யூலை எண்ணிக் காகிதக் கவரில் போட்டுக் கொடுக்கும் வழக்கம். சென்னையின் புழுக்கத்தில் அந்தக் கவருக்குள் கேப்ஸ்யூல் இளகிவிடும். மூடிய புட்டியோடு கொடுங்கள்.

ஒருமுறை காட்டியதோடு முடிந்ததென்று எண்ண வேண்டாம். கற்ற முறை சில வாரங்களிலேயே நழுவிவிடும். ஒவ்வொரு முறை வாங்க வரும்போதும் ஒரு நிமிடம் செய்து காட்டச் சொல்வது நல்லது. பயிற்சிக்கு மருந்தில்லாத மாதிரி இன்ஹேலர் ஒன்றைக் கடையில் வைத்திருங்கள். வாயில் வைக்கும் பகுதியை ஆளுக்கு ஆள் மாற்ற வேண்டும்.

ஐந்தாம் படி: வீட்டு வழக்கத்தோடு மருந்தைக் கட்டுங்கள்

வாய் கொப்பளிக்க வேண்டிய மருந்தாதலால், பல் தேய்க்கும் பிரஷ் இருக்கும் இடத்திலேயே தடுப்பு இன்ஹேலரை வைக்கச் சொல்வது எனக்குத் தெரிந்த நல்ல உபாயம். காலையில் எடுத்தபின் பல் தேய்த்தால், கொப்பளிப்பதும் அதோடு முடிந்துவிடும். நிவாரண இன்ஹேலர் எப்போதும் கூடவே இருக்க வேண்டும்; ஆனால் ஸ்கூட்டர் பெட்டியிலோ ஆட்டோவின் டேஷ்போர்டிலோ வைக்கக் கூடாது. கத்திரி வெயிலில் அங்கே ஏறும் சூடு அழுத்தமேற்றிய கேனிஸ்டருக்கு ஆகாது.

எண்காட்டி இல்லாத கேனிஸ்டரைக் குலுக்கிப் பார்த்தோ தண்ணீரில் மிதக்கவிட்டோ மருந்து மிச்சத்தை அறிய முடியாது. மருந்து தீர்ந்த பிறகும் உந்துவாயு மிச்சமிருக்கும். எனவே முடியும் தேதியை நாமே கணக்கிட்டு அட்டைப்பெட்டியில் அன்றி இன்ஹேலரின் மேலேயே எழுதி ஒட்டிவிட வேண்டும். அட்டைப்பெட்டி அன்றே குப்பைக்குப் போய்விடும். நிறத்தை வைத்து "நீலம் அவசரத்துக்கு, மற்றது தினமும்" என்று சொல்லிக் கொடுப்பதை நான் தவிர்க்கிறேன், நிறம் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும் என்பதால். பெரிய எழுத்தில் "தினமும்", "அவசரத்துக்கு" என்று ஒட்டினால் குழப்பமில்லை.

சிலருக்கு மருத்துவர் புடசோனைடு–ஃபார்மோடெரால் கலவை ஒன்றையே தினசரிக்கும் அவசரத்துக்கும் எழுதுவார். சீட்டில் அப்படித் தெளிவாக இருந்தால் மட்டுமே அவ்வாறு சொல்லுங்கள். 200/6 அளவுள்ளதில் (ஓர் உறிஞ்சலுக்குப் புடசோனைடு 200, ஃபார்மோடெரால் 6 மைக்ரோகிராம்) பெரியவருக்கு ஒரு நாளின் மொத்த உச்ச வரம்பு 12 உறிஞ்சல். சால்மெட்டெரால் சேர்ந்த கலவையை அவசரத்துக்குப் பயன்படுத்தக் கூடாது. பெயர்கள் ஒன்றுபோல் ஒலிப்பதால் இந்த இடத்தில் கடை ஊழியர்கள் தவறிவிடுவதுண்டு.

திருவல்லிக்கேணி, மண்ணடிப் பக்கத்துக் கடைகளில் ரமலானுக்கு முன்பே நோன்பைப் பற்றிய கேள்வி வரும். இருவேளை மருந்தை சஹர் நேரத்துக்கும் இஃப்தார் நேரத்துக்கும் மாற்றிக்கொள்ள முடியுமா என்று நோன்பு தொடங்குமுன் மருத்துவரிடம் கேட்கச் சொல்லுங்கள். நோன்பில் இன்ஹேலர் எடுப்பது குறித்து மார்க்க அறிஞர்களிடையே இருவேறு கருத்துகள் உள்ளன, அதில் நாம் தீர்ப்புச் சொல்ல வேண்டியதில்லை. மூச்சுத் திணறும்போது நிவாரண மருந்தைத் தள்ளிப்போடக் கூடாது என்பதை மட்டும் அழுத்தமாகச் சொல்லிவிட வேண்டும்.

ஆறாம் படி: பையில் உள்ள மற்ற மருந்துகள்

கண் அழுத்த நோய்க்கான டிமோலால் சொட்டு மருந்தைப் பலர் மருந்து என்றே கணக்கில் சேர்ப்பதில்லை. அது மூச்சுக்குழாயை இறுக்கக்கூடியது. படபடப்புக்கும் ஒற்றைத் தலைவலிக்கும் கொடுக்கும் ப்ரோப்ரனோலாலும் அவ்வாறே. ஆஸ்பிரின், டைக்ளோஃபினாக், ஐபுப்ரூஃபன் ஆகியவை சில ஆஸ்துமா நோயாளிகளுக்குக் கடுமையான தாக்குதலைக் கொண்டுவரும். முன்பு எடுத்தபோது இளைப்பு வந்ததா என்று கேளுங்கள். தியோஃபிலின் சேர்ந்த மாத்திரை எடுப்பவருக்கு சிப்ரோஃப்ளாக்சசின் வந்தால் தியோஃபிலின் இரத்தத்தில் ஏறும் என்பதால் மருத்துவரை அழைக்காமல் கொடுக்கக் கூடாது. சளிக்கென்று மாதக்கணக்கில் தொடரும் மான்டெலுகாஸ்ட், தடுப்பு இன்ஹேலருக்கு ஈடாகாது. மனநிலை மாற்றங்கள் குறித்து அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2020இல் அதற்கு மிகக் கடுமையான எச்சரிக்கையைச் சேர்த்தது. பழைய சீட்டைக் காட்டி ஸ்டீராய்டு மாத்திரையை மீண்டும் மீண்டும் கேட்பவரை மருத்துவரிடம் அனுப்புங்கள்.

ஏழாம் படி: ஊரின் பருவங்களை முன்கூட்டிச் சொல்லுங்கள்

ஐப்பசி, கார்த்திகை மழையில் சுவரில் ஏறும் பூஞ்சை, தீபாவளி வெடிப்புகை, மார்கழிப் பனி, போகியன்று விடியற்காலையில் எரியும் பழம்பொருள்களின் புகை ஆகியவை அக்டோபர் முதல் ஜனவரி வரை வரிசையாக வருகின்றன. போகிப் புகையால் மீனம்பாக்கத்தில் விமானங்களே தாமதமான ஆண்டுகள் உண்டு. கோடையில் நன்றாக இருப்பதாக எண்ணித் தடுப்பு மருந்தை விட்டவர், செப்டம்பரிலேயே மீண்டும் மருத்துவரைப் பார்த்துத் தொடங்கினால் இந்த நான்கு மாதங்களைக் கடக்கலாம். வீட்டுக்குள் சாம்பிராணி, கொசுவத்தி, சிகரெட் ஆகிய மூன்றையும் பெயர் சொல்லியே கேளுங்கள். புகை இருக்கிறதா என்று பொதுவாகக் கேட்டால் இல்லையென்றுதான் பதில் வரும்.

எட்டாம் படி: பத்தாம் நாள் ஒரு அழைப்பு, மருத்துவருக்கு ஒரு சீட்டு

தடுப்பு மருந்தைப் புதிதாகத் தொடங்கியவர் அதைக் கைவிடுவது பெரும்பாலும் முதல் இரண்டு வாரங்களில், "ஒண்ணும் தெரியலையே" என்ற எண்ணத்தில். அதனால் அவர் ஒப்புதலோடு எண்ணை வாங்கிக்கொண்டு பத்தாம் நாள் அழையுங்கள். "தொண்டை எப்படி இருக்கு? ராத்திரி தூக்கம் எப்படி? எத்தனை வேளை விட்டுப்போச்சு?" என்ற மூன்று கேள்விகள் போதும். கடைசிக் கேள்வியை இந்த வடிவிலேயே கேளுங்கள்; விட்டுப்போவது இயல்பு என்று கேள்வியே ஒப்புக்கொள்வதால் உண்மையான எண் கிடைக்கும்.

மருந்தின் அளவை மாற்றும் அதிகாரம் நமக்கில்லை. மாற்ற வேண்டியவருக்குத் தெரியப்படுத்தும் வழி நம் கையில் உண்டு. நோயாளி அடுத்த முறை மருத்துவரிடம் போகும்போது எடுத்துச் செல்ல, கடை முத்திரையோடு நான்கு வரி எழுதிக் கொடுங்கள். நாங்கள் எழுதுவது ஏறக்குறைய இப்படி இருக்கும்:

"கடந்த 90 நாள்களில் வாங்கியவை: சால்பூட்டமால் 3, புடசோனைடு–ஃபார்மோடெரால் 1. நான்கு கேள்விகளில் ஆமாம்: 3. பஃப் அழுத்துவதும் இழுப்பதும் ஒன்றுசேரவில்லை. இன்று ஸ்பேசரோடு சரியாகச் செய்கிறார். தடுப்பு மருந்தை விலை காரணமாக விட்டதாகச் சொல்கிறார். கேப்ஸ்யூல் வடிவம் பொருந்துமா என்று பார்க்க வேண்டுகிறோம்."